மந்தி கத்தாத மாலை

வைகாசி மாதத்து மாலை. குட்டைக்கு அருகே புதர் மறைவில் ஒன்பது மான்கள் நின்றன. அவற்றில் செம்பி என்ற பெண்மானுக்கு மட்டும் குட்டி இருந்தது. குட்டியின் நாக்கு வறண்டு தொங்கியது. தாயிடம் பாலும் வற்றிவிட்டது.

கரையில் ஓர் அத்திமரம். அதில் ஒரு மந்தி வசித்தது. சிறுத்தையைக் கண்டால் உச்சிக் கிளையிலிருந்து கத்தும். மான்கள் ஓடிவிடும். அந்தக் கத்தல் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதை நம்பி, முறைவைத்துக் காவல் நிற்கும் வழக்கத்தையே மான்கள் விட்டுவிட்டன.

"மாமா, அந்தக் கோரை அசையுது," என்றது செம்பி.

மூத்த ஆண்மான் வளைகொம்பன் திரும்பிப் பார்த்தது. "காத்தா இருக்கும். மந்தி கத்தினா சிறுத்தை இருக்கும். சரியா?"

"சரி."

"இப்போ கத்துச்சா?"

"இல்லை."

"அப்போ சிறுத்தை இல்லை. இதுக்கு மேல உனக்கு என்ன விளக்கம் வேணும்?"

"மந்தி தூங்கிட்டிருந்தா?"

"தாகம் உன் குட்டிக்குத்தான். நீ நின்னு யோசிச்சுக்கிட்டிரு, நாங்க குடிச்சிட்டு வர்றோம்."

மற்ற மான்கள் சிரித்தன. செம்பி குட்டியை முன்னே போகவிட்டது.

குட்டி இரண்டு மிடறு குடித்தது. கோரைக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டு போயிற்று.

சத்தம் அடங்கியபின் மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கியது.

"மந்தி எங்கே?" என்று கேட்டது செம்பி.

"பழம் தீர்ந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சே. நாலு நாளாச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க யாரும் கேக்கலையே."

வளைகொம்பன் தொண்டையைச் செருமியது. "பார்த்தீங்களா, மந்தியை நம்பினதுதான் தப்பு. இனிமே அது கத்தினாலும் காதுல போட்டுக்காதீங்க."

மான்கள் தலையாட்டின. செம்பியும் ஆட்டியது.

ஆபத்தின் அறிகுறி தென்படவில்லை என்பது ஆபத்தே இல்லை என்பதற்குச் சான்றாகாது. அப்படித் தவறாக முடிவு கட்டியவர், பிறகு உண்மையான அறிகுறியையும் தள்ளிவிட்டால் மீள வழியில்லை.

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை மந்தி திரும்பி வந்து, உச்சிக் கிளையிலிருந்து கத்தியது. மான்கள் நிமிராமல் தண்ணீர் குடித்தன. அன்று செம்பி செத்தது.