தொட்டியில போன பாப்பாவும் பானைக்குள்ள இருந்த அப்பாவும்

ஒரு ஊர்ல ரெண்டு அப்பா இருந்தாங்க. ஊரு வேற எதுவும் இல்ல, நம்ம கொளத்தூரேதான். ஒரு அப்பா தண்ணிக்குள்ள இருந்தாரு. இன்னொரு அப்பா தண்ணிக்கு வெளிய இருந்தாரு. வெளிய இருந்த அப்பா பேரு டில்லிபாபு.

"அது நீதானே?"

நானேதான். தலையை தலையணையில வை. வச்சாதான் கதை. நடுநடுவுல ம் கொட்டணும்.

"ம்."

இந்த டில்லிபாபு இருக்கானே, அவனுக்கு மீன் வளக்கறதுல தன்னை விட்டா ஆளே இல்லன்னு நெனப்பு. மாடி வீட்டுக் கூடத்துல இரும்பு ஸ்டாண்டு போட்டு, வரிசையா கண்ணாடித் தொட்டி வச்சிருந்தான். தங்கமீன், கப்பி, ஏஞ்சல், எல்லாம் இருந்துச்சு. யாரு வீட்டுக்கு வந்தாலும் காப்பி குடுக்க மாட்டான், மீனைப் பத்தி லெக்சர் குடுப்பான். அவன் கப்பி மீன் ஏன் அடிக்கடி சாவுதுன்னு கேட்டா, கீழ்வீட்டு ஷாகிரா அக்கா சொல்லுவாங்க: "பாவம், அதுங்களுக்கு காதை மூடிக்கக் கையில்ல."

அப்போ, தண்ணிக்குள்ள இருந்த அப்பா யாருன்னா, ஒரு மீசை சக்கர் மீன். கன்னங்கரேல்னு இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாயி கீழ்ப் பக்கம் இருக்கும், அதால கண்ணாடியில பச்சக்னு ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு பாசியை வறட் வறட்னு சுரண்டித் தின்னும். மூஞ்சி பூரா மீசை. நம்ம மாதிரி மயிர் மீசை இல்ல. இஞ்சித் துண்டுல முளை விடுமே, அந்த மாதிரி கிளை கிளையா சதை மீசை. இதோட தாத்தா பாட்டிங்க எல்லாம் தென் அமெரிக்கான்னு ஒரு தேசம், கடலுக்கு அந்தாண்ட, அங்க ஆத்துல, விழுந்து கெடக்கற மரத்துக்கு அடியில இருந்தவங்க. இது பொறந்தது என்னமோ நம்ம கொளத்தூர் மீன் கடையிலதான்.

"அது கடிக்குமா?"

கடிக்காது. அதைவிட மோசம், சொல்றேன் இரு.

இந்த சாதி மீன்ல ஒரு வழக்கம். அம்மா மீன் ஒரு பொந்துக்குள்ள முட்டை போட்டுட்டு போயிடும். அப்புறம் அப்பாதான் பாக்கணும். பொந்து வாசல்ல உக்காந்துக்கிட்டு, துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கும். விசிறினாதான் முட்டைக்கு நல்ல தண்ணி போகும். இல்லன்னா பூஞ்சை புடிச்சு வெள்ளையாயிடும். அதனால சாப்பிடப் போகாது, ஊர் சுத்தப் போகாது, லெக்சர் அடிக்கவும் போகாது. டில்லிபாபு ஒரு சின்ன மண்பானையை பக்கவாட்டுல சாச்சு தொட்டிக்குள்ள போட்டிருந்தான். அதுக்குள்ள ஆரஞ்சு ஆரஞ்சா, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு கொத்து முட்டை. வாசல்ல மீசை அப்பா. விசுக் விசுக் விசுக்.

"ம்."

அந்த நேரம் பாத்து உங்க அம்மாவுக்கு ரயில்வேல டிரெய்னிங் வந்துச்சு, திருச்சிக்குப் போகணும். வீட்ல ஒரு பாப்பா. தவழ்ற பாப்பா. அது யாரு?

"நான்."

அம்மா பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா, "பாப்பாவை நீங்க பாத்துக்கோங்க. மீனை மீன் பாத்துக்கும்."

டில்லிபாபுக்கு இது பெரிய அவமானமா போச்சு. "நான் ரெண்டையும் பாத்துப்பேன்"னான். அம்மா ஆட்டோல ஏறுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. அவனையா பாத்தா? பாப்பாவைத்தான் பாத்தா.

அப்புறம் முதல் சோதனை. சோறு.

டில்லிபாபு கேழ்வரகுக் கஞ்சி காச்சினான். பதமா, கட்டியில்லாம. அதாவது கொஞ்சம் கட்டியோட. ஒரு ஸ்பூன் வாயில வச்சான். பாப்பா ப்ர்ர்ர்ர். அவன் மூஞ்சி பூரா கஞ்சி. இன்னொரு ஸ்பூன். ப்ர்ர்ர்ர். சரி, மீனாவது சாப்பிடட்டும்னு வெள்ளரிக்காயை வட்டமா நறுக்கி, பானை வாசல்ல வச்சான். மீசை அப்பா அதை ஒரு தள்ளு தள்ளிச்சு. வெள்ளரிக்காய் அந்தப் பக்கம் போச்சு. இவன் திரும்ப வச்சான். அது திரும்பத் தள்ளிச்சு. நாள் பூரா இதே. சாயங்காலம் கஞ்சியும் மிச்சம், வெள்ளரிக்காயும் மிச்சம். ரெண்டையும் யாரு சாப்பிட்டா?

"நீ."

நல்லா சாப்பிட்டேன். கடைசியில ஷாகிரா அக்கா மேல வந்தாங்க. கஞ்சியை வாயில வச்சுப் பாத்துட்டு, "டில்லி, உப்பு போட்டியா?"ன்னாங்க. போடல. போட்டதும் பாப்பா மடக் மடக்னு குடிச்சிடுச்சு.

அப்புறம் ரெண்டாவது சோதனை. அழுகை.

அம்மாவைக் காணோம்னு பாப்பாவுக்கு தெரிஞ்சுபோச்சு. ங்ஙா ங்ஙான்னு ஒரே அழுகை. டில்லிபாபு பாடினான், அழுகை கூடிச்சு. குதிரை மாதிரி ஓடினான், முட்டி பேந்துச்சு, அழுகை நிக்கல. சரி, மீனைக் காட்டலாம்னு இடுப்புல தூக்கிக்கிட்டு தொட்டிகிட்ட போனான். போனவன் சும்மா காட்ட வேண்டியதுதானே? "பாரு பாப்பா, இந்த மீன் சரியா விசிறலை, அப்பா சொல்லித்தரேன் பாரு"ன்னு பானை வாசல்ல விரலை விட்டான்.

"ஐயையோ."

அந்த மீனுக்கு கன்னத்துல முள்ளு இருக்கு, நித்திலா. சாதாரணமா மடிஞ்சு இருக்கும். கோவம் வந்தா விரியும். சுருக். டில்லிபாபு "அம்மாடி"ன்னு குதிச்சதுல முழங்கை வரைக்கும் தண்ணி, மண்டை போய் மேல் ஸ்டாண்டுல ணங்.

பாப்பா அழுகையை நிறுத்திச்சு. அவனைப் பாத்துச்சு. அப்புறம் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அம்மா போனதுக்கப்புறம் முதல் சிரிப்பு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, சிரிப்பு அடங்கி திரும்ப ங்ஙான்னுச்சு. டில்லிபாபு வேற வழி தெரியாம திரும்ப விரலை விட்டான். சுருக். பாப்பா கெக்கெக்கே. மீசை அப்பா என்ன நெனச்சிருக்கும்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. நல்ல விதமா நெனச்சிருக்காது.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மழை.

சோன்னு புடிச்சுது. புயல்னு ரேடியோல சொன்னாங்க. விடிஞ்சு பாத்தா தெருவைக் காணோம். ஷாகிரா அக்கா வீட்டுக்குள்ள தண்ணி வந்து, தையல் மெஷினை மட்டும் எப்படியோ தூக்கிக்கிட்டு நம்ம மாடிக்கு வந்துட்டாங்க. அப்போ டப்னு கரண்டு போச்சு. தொட்டியில காத்து விடற மோட்டாரெல்லாம் நின்னுபோச்சு. குளுகுளு குளுகுளுன்னு ஓடிக்கிட்டிருந்த வீடு, ஒரு சத்தமும் இல்ல.

காத்து இல்லன்னா மீன் மூச்சு முட்டும். டில்லிபாபு ஒரு மக்கை எடுத்துக்கிட்டு, தண்ணியை மொண்டு மேலேர்ந்து ஊத்தினான். சளப். அடுத்த தொட்டி. சளப். அதுக்கடுத்த தொட்டி. கடைசித் தொட்டிக்குப் போறதுக்குள்ள முதல் தொட்டி மீன் மேல வந்து வாயைத் தொறக்கும். திரும்ப ஓடுவான். காலு வழுக்கும். ஷாகிரா அக்கா பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "டில்லி, மக்கைக் கீழ வை"ன்னாங்க.

"ஏங்க்கா?"

"பாப்பா உடம்பைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பாத்தான். அடுப்புல வச்ச கல்லு மாதிரி கொதிக்குது. காலையில லேசா கணகணன்னு இருந்தப்போ, பல்லு முளைக்குதுன்னு அவனே டாக்டர் மாதிரி சொல்லிட்டு மீனைப் பாக்கப் போயிருந்தான். இப்போ பாப்பா அழவும் இல்ல. கண்ணு பாதி மூடி, எங்கேயோ பாக்குது.

நித்திலா, அந்த நேரம் அவனுக்கு மீனும் தெரியல, தொட்டியும் தெரியல. எல்லாம் போகட்டும், இது போதும்னு ஒரே நெனப்பு. ஆனா எப்படிப் போறது? கீழ இடுப்பளவு தண்ணி. தூக்கிக்கிட்டுப் போகலாம்னா, கூடத்துலயே வழுக்கி விழறவன் தெருவுல என்ன பண்ணுவான்? அவனை அவனே நம்பல. அப்போ மூலையில இருந்த நீலத் தொட்டி கண்ணுல பட்டுது, மீனை இடம் மாத்தறப்போ போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதுல போர்வையை விரிச்சு, பாப்பாவைப் படுக்க வச்சு, தெருத் தண்ணியில மெதக்க விட்டான். அவன் பின்னாலேர்ந்து தள்ளினான். ஷாகிரா அக்கா பக்கத்துலயே நடந்து குடை புடிச்சாங்க. பாப்பாவுக்கு மட்டும்தான் குடை.

"நான் படகுல போனேனா?"

போனே. ராணி மாதிரி போனே. மொட்டை மாடியிலேர்ந்து ஒருத்தர், "தம்பி, என்ன மீனு அது?"ன்னு கேட்டாரு. மத்த நாளா இருந்தா டில்லிபாபு நின்னு பதில் சொல்லியிருப்பான். அன்னைக்கு தள்ளறதை நிறுத்தல. ஷாகிரா அக்காதான், "கொழந்தைக்கு ஜொரம்"னாங்க. அவரு உடனே கீழ எறங்கி வந்து, ஒரு நீளக் கம்பால முன்னாடி குத்திக் குத்திப் பாத்து, குழி எங்கேன்னு சொல்லிக்கிட்டே மெயின் ரோடு வரைக்கும் வந்தாரு. அவரு பேரைக்கூட நாங்க கேக்கல.

மேட்டுல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பாப்பாவைப் பாத்ததும் ஊசி போட்டாங்க, ஈரத் துணியால உடம்பு பூரா தொடைக்கச் சொன்னாங்க. "ஜன்னி வர்ற சூடு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சிரமம்"னாங்க. அங்கயும் கரண்டு இல்ல. டில்லிபாபு ஒரு அட்டையை எடுத்து விசிற ஆரம்பிச்சான். விசிறினான், விசிறினான், விசிறிக்கிட்டே இருந்தான். யாரோ இட்லிப் பொட்டலம் குடுத்தாங்க, அது பக்கத்துல அப்படியே கெடந்துச்சு.

அந்த மீசை அப்பா மாதிரி கம்பீரமா விசிறினேன்னு நெனச்சுக்காத. தூங்கி விழுந்து, அட்டை உன் மூக்கு மேல பொத்துனு விழுந்துச்சு. நீ முழிச்சுக்கிட்டே. முழிச்சு, என் மூக்கைப் புடிச்சு இழுத்தே. தொட்டுப் பாத்தா நெத்தி வேர்த்திருக்கு. சூடு எறங்கிடுச்சு. அப்போ உன் அப்பன் அழுதான். ஷாகிரா அக்கா, "அட்டையைக் குடு, போய் இட்லி தின்னு"ன்னாங்க.

"ம்."

மழை விட்டு, தண்ணி வடிஞ்சப்புறம் வீட்டுக்கு வந்தோம். கதவைத் தொறந்தா, தங்கமீனெல்லாம் மேல மெதக்குது. ஏஞ்சலும் போச்சு. கஷ்டமாத்தான் இருந்துச்சு. டில்லிபாபுக்கு அந்த சக்கர் மீன் தொட்டிகிட்ட போக தைரியம் வரல. செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் பானைக்குள்ள பாருங்களேன்"னான்.

ஷாகிரா அக்கா குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "விசிறிக்கிட்டுத்தான் இருக்கு"ன்னாங்க.

அவனும் ஓடிவந்து பாத்தான். தண்ணி கலங்கிப் போயிருக்கு. மீசை அப்பா வயிறு ஒட்டி, கறுப்பெல்லாம் வெளுத்து, சாம்பலா ஆயிட்டுது. ஆனா துடுப்பு ஆடிக்கிட்டே இருக்கு. விசுக். விசுக். கெட்டுப்போன முட்டையெல்லாம் பானைக்கு வெளிய தள்ளிக் கெடக்கு. உள்ள பாத்தா, முட்டையைக் காணோம். அதுக்குப் பதிலா குட்டிக் குட்டியா வாலு ஆடுது. ஒவ்வொண்ணுக்கும் வயித்துல ஒரு மஞ்சள் மூட்டை, அதுதான் அதுங்களுக்கு கட்டுச்சோறு.

டில்லிபாபு கையைப் பின்னால கட்டிக்கிட்டான். விரலை விடல.

அப்புறம் ரயில் விட்டாங்க, அம்மா வர்றான்னு தகவல் வந்துச்சு. டில்லிபாபு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கிட்டான். "ஜெகதா, இடுப்பளவுத் தண்ணியில நான்..." சரியா வரல. "ஜெகதா, நெஞ்சளவுத் தண்ணியில..." இது பரவால்ல. அம்மா வர்றதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. ஷாகிரா அக்கா தையல் மெஷினைத் தொடச்சுக்கிட்டே, "இன்னும் ஏத்தாத டில்லி, நான் குள்ளம், முழுகிப் போயிடுவேன்"னாங்க.

அம்மா வந்தா. பையைக் கீழ போட்டா. பாப்பா விடுவிடுன்னு தவழ்ந்து போய் அவ கழுத்தைக் கட்டிக்கிச்சு. டில்லிபாபு பக்கம் திரும்பிக்கூட பாக்கல. அம்மா மருந்து பாட்டிலைப் பாத்தா. காலித் தொட்டியைப் பாத்தா. பாப்பா நெத்தியைத் தொட்டுப் பாத்தா.

"என்னங்க ஆச்சு?"ன்னா.

டில்லிபாபு வாயைத் தொறந்தான். அம்மா தோள்ல பாப்பா தலையை சாச்சுக்கிட்டு கட்டைவிரலை சப்பிக்கிட்டு இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம், "மழை பேஞ்சுது"ன்னான்.

"அவ்ளோதான் சொன்னியா?"

அவ்ளோதான் வந்துச்சு. அம்மா பாப்பாவோட வந்து அவன் பக்கத்துல உக்காந்தா. கஞ்சி கறை புடிச்ச சட்டையோட அவனை அப்படியே இழுத்து சாச்சுக்கிட்டா. டில்லி பேசாம இருக்கறதை இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்னு ஷாகிரா அக்கா சொன்னாங்களாம்.

அன்னைக்குச் சொல்லாம முழுங்கினதைத்தான் இப்ப உனக்கு சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப சொல்லு, யாரு நல்ல அப்பா? தண்ணி அப்பாவா, வெளி அப்பாவா?

நித்திலா? ம் சொல்லு.

தூங்கிட்டியா. பரவால்ல, எனக்கும் பதில் தெரியும்.

சரி. மழையும் வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது, காலை நீட்டித் தூங்கு.