வடக்கத்தியார் பட்டியல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு மதியச் சாப்பாட்டில் குழம்பு தித்தித்தது.

ராஜா இலையைத் தள்ளினார். "குழம்பில் வெல்லம் போட்டது யார்?"

"புதுச் சமையற்காரன், மகாராஜா. வடக்கத்தியான். அவர்கள் புத்தியே அப்படி" என்றார் பிரதானி சோமநாதர்.

ராஜாவுக்குப் பசி. பசியில் பிறந்தது ஆணை. பௌர்ணமிக்குள் வடக்கத்தியார் அத்தனை பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

"வடக்கத்தியார் யார் என்று எப்படித் தெரியும்?" என்று ராஜாவே கேட்டார்.

"ஊராரைக் கேட்டால் சொல்வார்கள், மகாராஜா."

"சரி. ஊரார் எவரை வடக்கத்தியார் என்கிறார்களோ, அவர் போகட்டும்."

பிரதானி சபையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே விகடகவி ஒச்சப்பன் நின்றிருந்தான். அவன் மனைவி பூவாயி வடக்கே பிறந்தவள். பிரதானிக்கு அது தெரியும். ராஜா தன் பேச்சைக் காட்டிலும் ஒச்சப்பன் பேச்சை ரசிப்பதும் அவருக்குத் தெரியும்.

"பட்டியல் எழுத ஒச்சப்பனே தகுந்தவன். ஒரு பெயரை மறைத்தாலும் தலை போகும் என்று உத்தரவிடுங்கள்."

ராஜா தலையசைத்தார்.

ஒச்சப்பன் வீட்டுக்கு வந்தான். முதல் பெயரை எழுத ஓலையை எடுத்தான். கை வரவில்லை.

"ஏனுங்க, நானா வடக்கத்தி?" என்றாள் பூவாயி. "எங்க ஊரு ஆத்துக்கு இக்கட்ட. அக்கட்ட இருக்கறவங்கதானுங்க வடக்கத்தியாரு."

"நெசமாவா?"

"போய்க் கேட்டுப் பாருங்க."

போனான். ஆற்றைக் கடந்தான். அக்கரையில் வெற்றிலை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எங்களையா கேக்கறீங்க? நல்லா இருக்குது! வடக்கத்தியாருன்னா மலையடிவாரத்துக்காரங்க. கொழம்புல வெல்லம் போடுவாங்களே, அவங்க."

மலையடிவாரத்தில் ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாருய்யா சொன்னது? மலைக்கு அந்தாண்ட இருக்கறவங்கதான் வடக்கத்தியாரு."

மலைக்கு அந்தப் பக்கம் வேறு ராஜாவின் நாடு.

ஒச்சப்பன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். வடக்கு முழுவதும் நடந்தாயிற்று. ஓலை வெறுமையாக இருந்தது. சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. வெறும் ஓலையைக் கொடுத்தால் பிரதானி விடமாட்டார். தெற்கேயும் கேட்டுவிடலாம் என்று திரும்பினான்.

தெற்குக் கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு குயவர் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வடக்கத்தியாரா? இந்தா, கோட்டைக்குள்ள இருக்காகளே, அவுகதான்."

ஒச்சப்பன் எழுதினான். கோட்டைக்குள் இருப்பவர் அத்தனை பேரும். பூவாயியும் உண்டு. அவனும் உண்டு. தன் பெயரை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே.

அடுத்த ஊரில் கேட்டான். குயவர் தெருதான் வடக்கத்தியார் என்றார்கள். எழுதினான். அதற்கடுத்த ஊரில் இந்த ஊரைச் சொன்னார்கள். அதையும் எழுதினான். ஓலை தீர்ந்தது. பனையேறி ஒருவரிடம் ஓலை கேட்டு வாங்கினான். அவரும் வடக்கத்தியார் என்று பிறகு தெரிந்தது.

வடக்கே போனபோது நாட்டில் ஒரு வடக்கத்தியான்கூட இல்லை. தெற்கே வந்தால் வேறு எவருமே இல்லை. ஒச்சப்பனுக்குத் தலை சுற்றியது.

நாடு முடிந்தது. கடல். கடைசிக் குடிசை வாசலில் நம்புவேல் என்ற மீனவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெக்கே யாரு இருக்கா?"

"தெக்கயா? மீனுதான்."

"உங்களை வடக்கத்தியாருன்னு சொல்ல ஆளே இல்லையா?"

"மீனு என்ன சொல்லுதோ, யாரு கண்டா?"

ஒச்சப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. அரண்மனைவரைக்கும் விடவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள். சபை நிறைந்திருந்தது. ஒச்சப்பன் ஓலைக் கட்டுகளை இறக்கினான். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

பிரதானி முன்னால் வந்தார். "உன் மனைவியின் பெயர் உண்டா?"

"உண்டு, பிரபு. தங்கள் பெயரும் உண்டு."

"என் பெயரா? நான் கடற்கரைச் சீமையில், செம்மணல்பட்டியில் பிறந்தவன்!"

ஒச்சப்பன் திரும்பினான். "அண்ணே, செம்மணல்பட்டிக்காரங்களை உங்க ஊருல என்ன சொல்லுவீங்க?"

"அந்த வடக்கத்தி ஆளுகளா?" என்றார் நம்புவேல். "கொழம்புல வெல்லம் போட்டுத் திம்பாக."

சபையில் யாரோ இருமினார். பிரதானி பின்னுக்கு நகர்ந்தார்.

ராஜா முன்னால் சாய்ந்தார். "நாம்?"

நம்புவேல் ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் தரையைப் பார்த்தான்.

"கோவிக்கப்படாது சாமி. எங்க கரையில உங்கள வடக்கத்தி ராசான்னுதான் சொல்லுவோம்."

ராஜா அசையவில்லை. காவலர்களும் அசையவில்லை.

"மகாராஜா, ஊரார் சொன்னதை அப்படியே எழுதினேன்" என்றான் ஒச்சப்பன். "ஒரு பெயரையும் மறைக்கவில்லை. ஆணைப்படி நாளை எல்லாரும் புறப்பட வேண்டும். தாங்களும்தான். இருக்க வேண்டியவர் இவர் ஒருவரே. வழியில் இவரிடம் நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டார்."

"ஏன்?"

நம்புவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "இம்புட்டுப் பெரிய ஊருல ஒத்தையில இருந்து என்னய்யா செய்ய? கரைவலை இழுக்கக்கூட அந்தப் பக்கத்துக் கயித்தப் பிடிக்க ஆளு வேணுமே. வடக்கத்தியாளா இருந்தாலும் பரவால்ல, விட்டுட்டுப் போங்க சாமி."

ராஜா சிரித்தார். முதலில் மெதுவாக. பிறகு கிரீடம் நழுவும் அளவுக்கு. ஆணை எழுதிய ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை ஒச்சப்பனுக்குப் போர்த்தினார். நம்புவேலுக்கு ஒரு புதுப் படகு. சமையற்காரனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஓலைக் கட்டுகளை அடுப்புக்குச் சுமக்கும் பொறுப்பு பிரதானிக்கு வந்தது.

ஒச்சப்பன் பட்டோடு வீட்டுக்குப் போனான். பூவாயி நடுவீட்டில் மூட்டை கட்டி வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, நான் வடக்கத்தியா, இல்லீங்களா?"

ஒச்சப்பன் யோசித்தான்.

"அது எனக்கு இன்னும் வெளங்கல" என்றான். "நீ எந்திரி. மூட்டையை அவுக்கணும்."