இளவரசியின் நீண்ட பல்

கானூரை ஆண்ட வல்லபராயருக்கு ஒரே மகள், பொன்மாலை. வாயாடி. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சிரித்தால் பல்லோடு நிற்காது, மேல் ஈறும் ஒரு விரற்கடை தெரியும். அரண்மனையில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை, புது வைத்தியர் சஞ்சீவியார் வந்து சேரும்வரை.

"அரசே, அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். இளவரசி ஒரு தடவை சிரித்தால் போதும், வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். முன்பல் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. அரத்தால் பாதியை ராவிவிடுகிறேன்" என்றார் அவர்.

அரசர் யோசிக்கவில்லை. அது அவருக்கு வழக்கமும் இல்லை. "பல்லை வெட்டு!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பொன்மாலைக்குச் சிரிப்பு நின்றுபோனது. நேரே விகடகவி அம்பலக்கூத்தனிடம் ஓடினாள். அரசரைச் சபையிலேயே கிண்டல் செய்துவிட்டுத் தலையோடு வீடு திரும்பும் ஒரே ஆள் அவன்தான்.

"கூத்தரே, என் பல் ஒரு நாளும் வலித்ததில்லை. கரும்பைக்கூட இதால்தான் உரிக்கிறேன். அந்த அரத்தைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது."

"அழாதீர்கள் அம்மா. நாளை சபைக்கு மட்டும் வந்துவிடுங்கள்."

மறுநாள் வைத்தியர் அரத்தோடு வந்து நின்றார். கூத்தன் எழுந்தான்.

"அரசே, குற்றவாளி பல் இல்லை, தாடை. பன்னிரண்டு வயதுக்கு மேல் இளவரசியின் முகம் நீண்டது. கீழ்த்தாடை கீழே கீழே இறங்கிப் போனது. பல் சும்மா இருந்திருந்தால் நடுவில் சந்து விழுந்திருக்கும். அதனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எலும்பையும் ஈறையும் இழுத்துக்கொண்டு வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. நம் வைத்தியருக்குத் தாடை குட்டை. அவர் பல்லுக்கு அந்த வேலையே இல்லை, பாதியில் நின்றுவிட்டது. அவர் பேசும்போது யாராவது பல்லைப் பார்த்திருக்கிறீர்களா?"

சபை சிரித்தது. வைத்தியர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"முன்பல் தொடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?" என்றார் அரசர்.

கூத்தன் இரண்டு கொட்டைப்பாக்கை நீட்டினான். "இருபுறமும் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் முன்பல் ஒன்றையொன்று தொடாது. ராவி முடித்தபின் இளவரசியின் வாயும் இப்படித்தான் இருக்கும். எங்கே, இந்த முறுக்கை முன்பல்லால் கடியுங்கள் பார்ப்போம்."

அரசர் கடித்தார். முறுக்கு அசையவில்லை. நாக்குதான் வெளியே வந்தது. எச்சில் மார்புப் பதக்கத்தில் வழிந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோபத்தில் பல்லைக் கடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை.

பாக்கைத் துப்பினால் தோற்றதாகிவிடும். அதனால் பாக்கோடேயே வைத்தியரைப் பார்த்து, "பல்லை வெட்டு!" என்று கர்ஜித்தார். ஆனால் 'வ' சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டுமே! வாய் பிளந்து நின்றதில் அந்த எழுத்து காற்றோடு போய்விட்டது, 'லை'யும் 'லே' என்று இழுத்துக்கொண்டது. சபைக்குக் கேட்டது இதுதான்:

"பல்லே எட்டு!"

கூத்தன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஆகா! கேட்டீர்களா சபையோரே? அரசர் பல்லுக்கே நேரில் ஆணையிட்டுவிட்டார். 'பல்லே, எட்டு! தாடை எவ்வளவு தூரம் போனாலும் நீ எட்டித் தொடு' என்கிறார். இளவரசியின் பல் ஆறு வருஷம் முன்னதாகவே கீழ்ப்படிந்துவிட்டது. அதன்மேல் அரம் வைத்தால் ராஜத்துரோகம், வைத்தியரே!"

அரசர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "எட்டு இல்லை, எட்டு!"

"அதைத்தான் அரசே நானும் சொல்கிறேன்!"

சபை வெடித்தது. அரசர் சற்று நேரம் முறைத்தார். பிறகு தாங்கமாட்டாமல் பாக்கைத் துப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை ரத்தானது. காதுக் கடுக்கனைக் கழற்றிக் கூத்தன் கையில் வைத்தார். அப்புறமும் சிரிப்பு அடங்கவில்லை. மீசையை ஒதுக்கி எச்சிலைத் துடைத்துக்கொண்டார். அந்த அடர்ந்த மீசைக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்தது சபைக்கே பளிச்சென்று தெரிந்தது.

பொன்மாலை துள்ளி எழுந்தாள்.

"அப்பா! உங்களுக்கு ஈறு இரண்டு விரற்கடை!"