பேமா அம்மாவை அழவைத்த பதில்

ஊசிப்பாறைக் குளத்தின் கரையில் வடிவு என்றோர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். குச்சிக் கால், சிவந்த கண்ணோரம், ஊரையே கூட்டும் தொண்டை! கரையில் யார் தலை தெரிந்தாலும் கத்தித் தீர்த்துவிடுவாள்.

அவ்வளவு பெரிய தொண்டை இருந்தும் அவள் முட்டைகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆள்காட்டிகளுக்குக் கூடு கட்டத் தெரியாது. கூழாங்கல்லுக்கு நடுவே வெறும் தரையில்தான் முட்டையிடும். போன கோடையில் கீரி வந்தது. வடிவு கத்தினாள். அவள் புருஷன் சூரப்பன் கொத்தப் பாய்ந்தான். கீரி சட்டை பண்ணவே இல்லை. எல்லாவற்றையும் நிதானமாகத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

“இனி செத்தாலும் இந்தக் கரையில் முட்டையிட மாட்டேன்!” என்று வடிவு அழுதாள்.

“பின்னே எங்கேட்டி போவே?” என்றான் சூரப்பன்.

“நடுத்திட்டுக்கு!”

சூரப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தின் நடுவே கோடையிலும் தண்ணீர் சூழ்ந்த ஒரு திட்டு உண்டு. கீரி, நரி எதுவும் அங்கே வராது. ஆனால் அதில் சும்மா போய்க் குடியேற முடியாது. பனிமலைக்கு அப்பாலிருந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். அவற்றுக்குக் காவல் இருப்பவருக்குத்தான் அடுத்த வருஷம் வரை அந்தத் திட்டு என்பது குளத்துக் கட்டுப்பாடு.

காவல் வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. வாத்துப் பாஷையில் பேசிக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் பரீட்சை கிடையாது. ஒரு தரம் காவல் இருந்த கொக்கு, “வருது! வருது!” என்று மட்டும் கத்தியது. என்ன வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வந்தது ஓர் எருமை! அதற்குப் பயந்து வாத்துக் கூட்டம் மொத்தமும் பக்கத்துக் குளத்துக்குப் பறந்து போனது. அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு.

வடிவுக்கு வாத்துப் பாஷை கொஞ்சம் தெரியும். வாத்துகள் வயலில் மேயும்போது பூச்சிகள் கிளம்பும். அவற்றைப் பிடிக்க அவள் கூடவே நடப்பாள். அப்படியே காதில் விழுந்ததை நாக்கில் போட்டுப் பார்த்துக்கொள்வாள். ‘தண்ணீர்’, ‘நெல்’, ‘நகரு’, ‘ஏன்?’, ‘வலிக்குதா?’ இப்படி. ஆனால் பரீட்சைக்கு இது போதுமா? நேரே ஆலமரத்து டியூஷனுக்குப் போனாள்.

அங்கே பவளமூக்கு மாஸ்டர் என்ற பச்சைக்கிளி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் கெட்டிக்காரர். நல்ல மனசு. பாவம், வாயைத் திறந்தால் மூடத்தான் தெரியாது.

“உனக்கு என்னென்ன வார்த்தை தெரியும்? சொல்லு பார்ப்போம்!” என்றார் மாஸ்டர்.

வடிவு சொன்னாள்.

“சீச்சீ! தண்ணியாம், நெல்லாம்! எல்லாம் வயக்காட்டுப் பேச்சு! பரீட்சையில் இதைப் பேசினால் சிரிப்பார்கள். பெரிய பெரிய வார்த்தையாகப் போடணும்! என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. வாத்துகளின் பெரிய கூட்டத்தில் நானே என் காதால் கேட்டது. எந்தக் கேள்வி வந்தாலும் இதையே சொல்லு. உனக்கு மட்டும்தான் தருகிறேன், வெளியே மூச்சு விடாதே!”

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாத்துப் பாஷையில் முழங்கினார்:

“நீள்வானம் அளந்த நெடுஞ்சிறகே! பனிமுடியில் பொன்வெயில் படியும் வேளையில் எம்மேல் விழுந்த உன் நிழலை மறப்போமா!”

வடிவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியாததாலேயே அது ரொம்ப உசத்தியாகப் பட்டது. அன்று முதல் பூச்சி பிடிப்பதை மறந்தாள், சூரப்பனோடு பேசுவதை மறந்தாள். “நீள்வானம் அளந்த, நீள்வானம் அளந்த” என்று முணுமுணுத்துக்கொண்டே கரையெல்லாம் நடந்தாள். வயலில் வாத்துகள் கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை. அவர்களோடு பேசினால் வயக்காட்டுப் பேச்சு ஒட்டிக்கொள்ளுமே என்று பயம்!

“ஏட்டி, வாத்துப் பாஷை பழகுறேன்னு சொல்லிட்டு வாத்துகிட்டேயே பேச மாட்டேங்கியே!” என்று சூரப்பன் அலுத்துக்கொண்டான்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க!” என்றாள் வடிவு.

பரீட்சை நாள் வந்தது. வாத்துகளின் தலைவி பேமா அம்மா கரையில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் கூட்டம் கூடி நின்றது. மாஸ்டர் ஒரு கிளையில் அமர்ந்து இறகைக் கோதிக்கொண்டார்.

முதலில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி வந்தது.

“இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று பேமா அம்மா அன்பாகக் கேட்டாள்.

நாமக்கோழி கண்ணை மூடிக்கொண்டு, “நீள்வானம் அளந்த நெடுஞ்சிறகே!” என்று ஆரம்பித்தது.

வடிவுக்குப் பகீரென்றது. ‘அட மாஸ்டரே! எனக்கு மட்டும் என்றீரே!’

ஆனால் அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். வாத்துகள் அத்தனையும் தலை குனிந்து நின்றன. நாமக்கோழி முடித்த பிறகுதான் நிமிர்ந்தன.

இரண்டாவதாக மடையான் கொக்கு வந்தது.

பேமா அம்மாவின் குரல் லேசாகக் கம்மியிருந்தது. “இந்தக் குளத்தில் குளிக்க நல்ல இடம் எது?”

“நீள்வானம் அளந்த நெடுஞ்சிறகே!”

மறுபடியும் எல்லாத் தலைகளும் குனிந்தன. பேமா அம்மா சிறகால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பார்த்தியா? அழவே வைத்துவிட்டேன்! என்ன சொல்வளம்!” என்று மாஸ்டர் கிளையில் துள்ளினார்.

வடிவு துள்ளவில்லை. அவள் வேலையே பார்ப்பதுதானே! பேமா அம்மா சிறகை எடுத்ததும் அந்த முகத்தைப் பார்த்தாள். பேச்சில் மயங்கினவர் முகம் அது இல்லை. கீரி போன பிறகு குளத்துத் தண்ணீரில் அவள் கண்ட தன் முகமே அப்படித்தான் இருந்தது.

“அடுத்தது யார்?”

வடிவு முன்னால் போனாள். இந்தப் பரீட்சை போனால் திட்டு போச்சு. திட்டு போனால் வரும் கோடையிலும் முட்டைகள் கீரிக்குத்தான். நாக்கு நுனியில் மனப்பாடம் தயாராக நின்றது.

“உனக்கு எந்த ஊர்?” என்று பேமா அம்மா கேட்டாள்.

வடிவு வாயைத் திறந்தாள். அந்த அழுத முகத்துக்கு முன்னால் அவளுக்கு அது வரவே இல்லை. ஆன மட்டும் பார்ப்போம் என்று தனக்குத் தெரிந்த வயக்காட்டுப் பேச்சில் கேட்டாள்:

“அம்மா, ஏன் அழறீங்க? வலிக்குதா?”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். “போச்சு! கேள்வி கேட்பவரையே கேள்வி கேட்கிறாள்!”

பேமா அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். “அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? என் அம்மா இந்தக் கரையில் செத்துப்போனபோது நான் சொன்ன வார்த்தைகள். எங்கள் இனத்தில் இறந்தவரை வழியனுப்பச் சொல்வது. காதில் விழுந்தால், எங்கே இருந்தாலும் தலை குனிய வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு இப்படி ஒரு பதில்!”

மாஸ்டரின் மூக்கு மார்பில் புதைந்தது.

வடிவு இன்னும் ஓரடி முன்னால் வந்தாள். “எனக்கும் போச்சு அம்மா. என் குஞ்சு. குஞ்சு இல்லை, அதுக்கும் முன்னாடி. உருண்டையா, சூடா, வயித்துக்குக் கீழே இருக்கும். அதுக்கு உங்க பாஷையில் என்ன பேர்?”

“முட்டை” என்றாள் பேமா அம்மா மெதுவாக.

“ஆமா, முட்டை! என் முட்டைகளை அவன் தின்னான். அவன் பேர் எனக்குச் சொல்லத் தெரியாது. தாழ்ந்த உடம்பு, நீள வால், புல்லுக்குள்ளே சத்தமே இல்லாமல் வருவான். பாம்புகூட அவனுக்குப் பயப்படும். நான் கத்தினேன். அவன் நிக்கலே. இப்போ என் முட்டைக்குத் திட்டு வேணும். உங்களுக்கு நான் கண் முழிச்சுப் பார்ப்பேன். எவன் வர்றான், எந்தப் பக்கம் வர்றான், எல்லாம் சொல்லுவேன்.”

“கீரி!” என்று ஒரு வாத்து கத்தியது. “அவள் கீரியைச் சொல்கிறாள்! பேர் தெரியாமலே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாளே!”

“கீரி” என்று வடிவு உடனே சொல்லிப் பார்த்தாள். “கீரி வடக்கே இருந்து வந்தான். சரியா அம்மா?”

பேமா அம்மா அழுகையோடு சிரித்தாள். “சரி, மகளே. தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துச் சொன்னாய், கேட்டு வாங்கினாய், வாங்கினதைக் கையோடு பேச்சில் போட்டாய். எல்லாவற்றுக்கும் மேலே, என் முகத்தைப் பார்த்துப் பேசினாய். காவலுக்கு வேறென்ன வேண்டும்? திட்டு உனக்குத்தான்!”

சூரப்பன் கத்திய கத்தலில் குளத்து மீன்களெல்லாம் அடியில் போய் ஒளிந்துகொண்டன.

மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கிளையிலிருந்து இறங்கி வந்தார். “பேமா அம்மா, அர்த்தம் தெரியாமல் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது.”

“நாளைக்கு எங்க கூட வயலுக்கு வாங்க, மாஸ்டர்” என்றாள் வடிவு. “பேசிப் பழகிக்கலாம்.”

அந்தக் கோடையில் நடுத்திட்டின் கூழாங்கல்லுக்கு நடுவே வடிவு முட்டையிட்டாள். கீரி கரையிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துப் போனது. குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வடிவு சந்தோஷத்தில் கத்திய சத்தம் ஊசிப்பாறை உச்சி வரைக்கும் கேட்டது.

குழந்தைகளே, அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்த பெரிய வார்த்தைகளை ஒப்பிப்பவருக்கு அல்ல, எதிரே இருப்பவரின் முகம் பார்த்துத் தெரிந்த சொற்களில் மனசாரப் பேசி, தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்பவருக்கே எந்த மொழியும் கைவரும்.