ஏழாம் படுக்கையின் பிரஷர்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூசுகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் நான்தான் தலைமை மருத்துவர். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதைப் பார்க்க மேலதிகாரி வந்திருந்தார். அவர் முன்னாலேயே, வார்டு ஆயா மாராத்தாள் நோயாளிகளைப் பற்றிக் குறித்துவைக்கும் பழைய நோட்டைப் பிடுங்கினேன்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒண்ணு இதுல இருந்தா சொல்லு. இல்லேன்னா குப்பையில போடு."

"ஏழாம் பெட்டுக்காரருக்கு இன்னைக்கு பிரஷர் எத்தனைங்கய்யா?"

திரையைப் பார்த்து வாசித்தேன். "நூத்தியிருபது, எண்பது. நல்லா இருக்கார்."

"சந்தோசமுங்கய்யா. செவ்வாய்க்கிழமை செத்துட்டாருன்னு அழுதுகிட்டே உடம்பைக் கொண்டுபோன அவரு சம்சாரத்துக்குத் தகவல் சொல்லிடலாங்க."

நேற்றைய பதிவை நகலெடுத்து இன்றைக்கும் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். அதிகாரி திரையில் விரலை வைத்தார். 'நோயாளியை நேரில் பார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே என் பெயர் இருந்தது.