படுத்துக் கேட்ட பாடம்

ரெஜினா டீச்சர் செல்போன் திரையில் தோன்றியதும் மாசிலாமணி எழுந்து நிற்பார். அப்போது வகுப்பில் மற்றவர்களுக்கு அவருடைய இடுப்பு பெல்ட் மட்டும் தெரியும்.

"அண்ணாச்சி, பெல்ட் புதுசா?" என்பாள் தையல் கடை பாத்திமுத்து.

எல்லாரும் வளர்ந்தவர்கள். எப்போதோ விட்ட பத்தாம் வகுப்பை எழுத வந்தவர்கள். டீச்சர்தான் வயதில் சிறியவர்.

மாசிலாமணிக்கு ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல். காலையில் வீடு வந்து, குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்பில் உட்காருவார்.

ஒரு நாள் வகுப்பு தொடங்குமுன் கேட்டார்.

"டீச்சர், படிப்பை விட்டுரட்டுமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"உக்காந்தா தலை சுத்துது. படுத்தா ஐஸ் மிஷின் காதுக்குள்ளயே ஓடுது. கண்ணு மூட மாட்டேங்குது. இப்படியே போனா விழுந்துருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

டீச்சர் திரைக்கு அருகில் வந்தார்.

"இன்னிக்குப் படுத்துக்கிட்டே பாடம் கேளுங்க."

"உங்க முன்னாலயா? அதெப்படி டீச்சர்!"

"நாங்க யாரும் பாக்கல. கேமராவை அணைச்சிருங்க."

அவர் பாய் விரித்தார். தலைமாட்டில் செல்போனை வைத்தார். படுத்த பிறகும் கால்களைச் சேர்த்தே வைத்திருந்தார்.

அன்றைய பாடம் பருவக்காற்று. டீச்சர் மெதுவாக வாசித்தார். கடல் சூடாகிறது. ஈரம் மேலே போகிறது.

மாசிலாமணி பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனியின் ஐஸ் பாளங்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழுந்தன. ஊர் உப்பளத்துக்கு மேலே வெள்ளையாக மிதந்தன. மிஷின் சத்தம் தூரத்து மழைச் சத்தமாக மாறிக்கொண்டிருந்தது. யாரோ தாழ்ந்த குரலில் காற்றின் பெயரைச் சொன்னார்கள்.

மைக்கை அணைக்க அவர் மறந்திருந்தார். வகுப்பு முழுக்கக் குறட்டை கேட்டது.

"டீச்சர், அண்ணாச்சி மோட்டார் போட்டுட்டாரு," என்றாள் பாத்திமுத்து.

டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். எல்லாருடைய மைக்கையும் அணைத்தார், மாசிலாமணியுடையதைத் தவிர. பிறகு தன் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு வாசித்தார். யாரும் வெளியேறவில்லை.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரின் மறுபக்கம் போயிருந்தது. செல்போன் சுட்டது. திரையில் ரெஜினா டீச்சர் மட்டும் இருந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி பதறி உட்கார்ந்தார்.

"டீச்சர், வகுப்பு?"

"அப்பவே முடிஞ்சிட்டு."

"ஐயோ, பாடம் ஒண்ணுமே காதுல ஏறலியே."

"பதிவு பண்ணியிருக்கேன். சாயங்காலம் கேட்டுக்கிடுங்க."

அவர் முகத்தைத் துடைத்தார். காதைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. தெருவில் காய்கறிக்காரர் கூவுவது கேட்டது.

"எல்லாரும் போய்ட்டாங்களே. நீங்க ஏன் டீச்சர் போகல?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"நான் வகுப்பை மூடினா, உங்க தலைமாட்டுல டிங்னு ஒரு சத்தம் வரும் அண்ணாச்சி."