மலை பஸ்ஸில் ஒட்டிய பாராட்டு

மலையடிவார பஸ் டிப்போவில் மேலாளர் நீலமேகத்தின் ஆங்கிலத்தைத் திருத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டிய டிரைவர் பேச்சிமுத்துவை விருதுக்குப் பரிந்துரைத்த கடிதத்தில், "த்ரோஸ் காஷன் டு தி விண்ட்" என்று எழுதினார்.

தற்காலிக டைப்பிஸ்ட் செங்கமலம் தயங்கினாள். "சார், எச்சரிக்கையே இல்லாம கண்மூடித்தனமா ஓட்டுறார்னு அர்த்தம் வரும். அவருக்கு விருது கிடைக்காது."

"மலைக்காத்து அடிச்சாலும் எச்சரிக்கையா ஓட்டுறார்னு அர்த்தம். டைப் அடிக்க முடியலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அடித்துக் கொடுத்தாள். "இவ்வளவு பெரிய பாராட்டைப் பயணிகளும் படிக்கட்டுமே சார். அவர் பஸ்ஸில் ஒட்டிடலாமா?"

நீலமேகத்துக்கு மகிழ்ச்சி. கையெழுத்துப் போடுவதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை ஒட்டச் சொன்னார்.

காலை பஸ்ஸில் ஏறிய கல்லூரி ஆசிரியை ஒருத்தி அதைப் படித்து, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் பஸ் காலி. மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் மேலாளர் அறைக்கு வந்துவிட்டார்கள்.

"யாருய்யா இதை எழுதினது? பிள்ளைகுட்டியோட நாங்க ஊர் போய்ச் சேர வேண்டாமா?"

பேச்சிமுத்து தன் நகத்தாலேயே காகிதத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பஸ் புறப்பட்டது. "மிகுந்த எச்சரிக்கையுடன் ஓட்டுபவர்" என்ற புதிய கடிதம் மதியத் தபாலில் போனது.

நீலமேகம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்போ அந்த வாக்கியத்தை யாரைப் பத்தித்தாம்மா எழுதறது?"

"அகராதியைப் பார்க்காம பஸ்ஸில் ஒட்டச் சொல்றவங்களைப் பத்தி எழுதலாம் சார்."